மன்னர்ஹைம் பற்றி: பின்லாந்தில் இருப்பவர்கள் உதவ முடியுமா?

வணக்கம் நண்பர்களே. எங்கள் வாசிப்பு வட்டத்தில் பின்லாந்தின் மன்னர்ஹைம் பற்றி அரை மணி நேரம் பேசச் சொல்லியிருக்கிறார்கள்.

ஏறக்குறைய 30 ஆண்டுகள் ரஷ்யப் பேரரசரின் படையில் இருந்தவர். அதே ரஷ்யாவுக்கு எதிராக 1939 குளிர்காலப் போரில், 72 வயதில், பின்லாந்துப் படையை நடத்தினார். என்னை மிகவும் ஈர்ப்பது 1944தான். ஆகஸ்டில் நாடாளுமன்றம் அவரை அதிபராக்கியது. செப்டம்பரில் சோவியத்துடன் போர்நிறுத்தம். போரை நடத்திய தளபதியையே போரை நிறுத்த அழைத்தார்கள்! அடுத்து, அதுவரை கூட நின்ற ஜெர்மன் படைகளை நாட்டின் வடகோடியான லாப்லாந்திலிருந்து விரட்ட வேண்டியிருந்தது.

நான் தடுமாறுவது பின்லாந்தின் 1918 உள்நாட்டுப் போரில். வென்றது அவர் தலைமையிலான வெள்ளைப் படை, அதாவது அரசுத் தரப்பு. தோற்ற செம்படை (பின்லாந்தின் இடதுசாரித் தொழிலாளர் தரப்பு) கைதிகளில் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் முகாம்களில் பசியாலும் நோயாலும் இறந்தனர். இதைத் தொடாமல் அவரைப் புகழ்ந்துவிட்டு வர மனமில்லை.

ஹெல்சிங்கியில் அவர் வாழ்ந்த வீடு அருங்காட்சியகமாக இருக்கிறதே, போனவர்கள் உண்டா? அந்த முகாம்கள் பற்றி அங்கே ஏதாவது சொல்கிறார்களா? செம்படைக் குடும்பங்களின் வாரிசுகள் இன்று அவரைப் பற்றி என்ன பேசுகிறார்கள்? தமிழிலோ ஆங்கிலத்திலோ நல்ல நூல் தெரிந்தாலும் சொல்லுங்கள். பின்னிஷ் எனக்குச் சுத்தமாகத் தெரியாது.