கன்சோலில் அழிக்கும் பேக்ஸ்பேஸ், எக்ஸ்டெர்மில் ^எச் என்று எழுதுகிறது

கேள்வி:
வணக்கம். என் டெபியன் லினக்ஸ் கணினியின் கன்சோலில் (சாளரங்கள் இல்லாத முழுத்திரை உரை முனையம்) பேக்ஸ்பேஸ் விசை எல்லா இடத்திலும் ஒழுங்காக அழிக்கிறது. டெபியன் பொதியை நீக்கிவிட்டு மூலநிரலிலிருந்து நானே தொகுத்து நிறுவிய எக்ஸ்டெர்ம் என்ற முனையச் சாளரத்தில், பேஷ் கட்டளை வரியில் மட்டும் எழுத்து அழிகிறது. தட்டச்சிடுவதைத் திருப்பிக் காட்டும் கேட் கட்டளையில் ^எச் என்று விழுகிறது, ஈமாக்ஸ் உரைத்தொகுப்பியில் உதவிப் பகுதி திறந்துகொள்கிறது. அழிப்புக் குறி ^? என்று நிர்ணயிக்கும் எஸ்டிடிஒய் (முனைய அமைப்புகளை மாற்றும் கட்டளை) வரியொன்று என் பேஷ் தொடக்கக் கோப்பில் முன்பே இருக்கிறது. வேறெங்கே திருத்த வேண்டும்?

பதில்:
வணக்கம். இரண்டு இடங்களிலும் கன்ட்ரோல்-வி அழுத்தி, உடனே பேக்ஸ்பேஸை அழுத்திப் பாருங்கள். கன்சோலில் ^? தெரிந்தால் விசை ஆஸ்கி (எழுத்துகளுக்கான எண் குறியீட்டு முறை) 127-ஐ அனுப்புகிறது. எக்ஸ்டெர்மில் ^எச் தெரிந்தால் ஆஸ்கி 8-ஐ அனுப்புகிறது. பேஷ் பயன்படுத்தும் வரித்திருத்த நூலகமான ரீட்லைன் இரண்டையுமே அழிப்பாக ஏற்பதால்தான் அங்கே கோளாறு வெளிப்படவில்லை; கேட் போன்றவற்றுக்கு வரியைத் திருத்திக் கொடுப்பது இயங்குதளத்தின் கருவான கெர்னல், அது நீங்கள் நிர்ணயித்த 127-ஐ மட்டுமே அழிப்பாகக் கொள்ளும். ஈமாக்ஸுக்கு 8 என்பது கன்ட்ரோல்-எச், அதாவது உதவி.

எனவே திருத்த வேண்டியது எக்ஸ்டெர்ம் அனுப்பும் குறியைத்தான். வீட்டுக் கோப்புறையில் உள்ள எக்ஸ்ரிசோர்சஸ் என்ற அமைப்புக் கோப்பில் பேக்ஆரோகீஇஸ்எரேஸ், பிடிஒய்இனிஷியல்எரேஸ் ஆகிய இரண்டையும் ட்ரூ என அமைத்து, எக்ஸ்ஆர்டிபி கட்டளை கொண்டு ஏற்றி, எக்ஸ்டெர்மைப் புதிதாகத் திறங்கள். டெபியன் பொதி இவ்வமைப்புகளுடனேயே வருகிறது; மூலநிரலின் இயல்பமைப்பு வேறு. அதன்பின் அந்த எஸ்டிடிஒய் வரியை நீக்கிவிடுங்கள். லினக்ஸில் அழிப்புக் குறி இயல்பாகவே 127-தான்.

கேட்டவர்:
மிக்க நன்றி. இப்போது இரண்டிலும் ^? தெரிகிறது, ஈமாக்ஸும் சரியாகிவிட்டது. ஆனால் கன்சோலில் சில நிரல்கள் ஹோம் விசைக்கு இணங்குவதில்லை. முனைய வகையைக் குறிக்கும் டெர்ம் மாறியை எக்ஸ்டெர்ம் என்று அதே தொடக்கக் கோப்பில் எழுதியிருப்பது காரணமாகுமா?

பதில்:
ஆம், அதுவே காரணம். லினக்ஸ் கன்சோல் ஹோம் விசைக்கு எஸ்கேப், [, 1, ~ என்ற வரிசையை அனுப்புகிறது, எக்ஸ்டெர்மின் வரிசை வேறு. முனையங்களின் இயல்புகளை விவரிக்கும் டெர்ம்இன்ஃபோ தரவுத்தளத்தை நம்பும் நிரல் டெர்ம் மாறியைப் பார்த்தே எந்த வரிசையை எதிர்பார்ப்பது என்று முடிவு செய்வதால், கன்சோலிலும் எக்ஸ்டெர்ம் என்று அறிவித்தால் வந்த விசையை அதனால் அடையாளம் காண இயலாது. அந்த வரியையும் நீக்கிவிட்டு மீண்டும் உள்நுழையுங்கள். கன்சோலில் அம்மாறி தானாகவே லினக்ஸ் என்று அமையும்.