தம்பியின் மனச்சிதைவு நோய்: புதுப்பிப்பு
தம்பிக்கு மனச்சிதைவு நோய், வீட்டில் எல்லோரும் நொறுங்கிப்போயிருக்கிறோம் என்று முன்பு எழுதியிருந்தேன். இப்போது மாத்திரைகளை ஒழுங்காகச் சாப்பிடுகிறான். அவன் காதில் மட்டும் கேட்கும் குரல்கள் முழுதாக நிற்கவில்லை.

அதிகம் மாறியவர் அப்பா. வீட்டில் ஓயாமல் குறை சொல்லிக்கொண்டிருந்தால் நோய் முற்றித் திரும்பும் வாய்ப்பு கூடும் என்று மருத்துவர் விளக்கினார். அன்றிலிருந்து "சோம்பேறி" என்ற சொல்லையே விட்டுவிட்டார். எதிலும் ஆர்வமில்லாமல் படுத்திருப்பதும் நோயின் அறிகுறிதான் என்று சித்தப்பாவிடம் அவரே வாதாடுகிறார்! அம்மாவும் விசேஷங்களுக்குப் போகிறார். யாராவது கேட்டால் மறைப்பதில்லை. எனக்கு இது ரொம்பப் பெரிய விஷயம்.

முந்தைய பதிவில் டெலி மானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண் 14416-ஐச் சொன்னவருக்கு நன்றி. இலவசம், தமிழிலேயே பேசலாம். அப்புறம், 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் வருவதால், மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு விண்ணப்பிக்கப் போகிறோம்.