புதுப்பிப்பு: பிஎஸ்ஏ 10 குறைவாக இருந்தால் கார்டு விலை ஏறுமா?

பிஎஸ்ஏ என்பது விளையாட்டு வீரர் படக் கார்டுகள் போன்ற சேகரிப்புக் கார்டுகளைப் பார்த்து, அவை எவ்வளவு நல்ல நிலையில் இருக்கின்றன என்று மதிப்பெண் (கிரேடு) போடும் நிறுவனம்; 10தான் உச்சம். போன மாதம் இதே திரியில், "பிஎஸ்ஏ 10 எண்ணிக்கை குறைவாக உள்ள கார்டைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்" என்று எழுதியிருந்தேன். அதில் பாதி தப்பு.

சரியான பாதிக்கு உதாரணம், ஃபிளியர் நிறுவனம் 1986-இல் வெளியிட்ட, கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டனின் கார்டு. அரிய கார்டே அல்ல, ஆயிரக்கணக்கில் கிரேடு ஆகியிருக்கிறது. ஆனால் அதன் வண்ண ஓரம் லேசாக உரசினாலே வெள்ளை எட்டிப் பார்க்கும். படம் நடுவில் உட்காராமல் அச்சானவையும் ஏராளம். அதனால் 10 வாங்கியவை 300 சொச்சம்தான். 2021 ஜனவரியில் அப்படி ஒன்று 7,38,000 டாலருக்குப் போனது. 9 வாங்கிய கார்டுக்கு அதில் ஒரு சிறு பங்குதான்.

நான் சறுக்கியது இங்கே: அடுத்த ஆண்டே அதே 10 இரண்டு லட்சம் டாலருக்கும் கீழே விற்றது. கார்டுகள் திடீரென்று பெருகிவிடவில்லை, போட்டி போட்டு வாங்கியவர்கள்தான் கலைந்துவிட்டார்கள்.

அப்புறம் என் கதை. 1990-களின் மலிவுக் கார்டு ஒன்று. எந்தக் கார்டுக்கு எத்தனை 10 என்று காட்டும் பிஎஸ்ஏ பட்டியலில் நான்கே நான்கு 10 என்று பார்த்து, கிரேடிங்குக்கு அனுப்பினேன். பத்தே வந்தது! மூன்று வாரம் விற்பனைக்குப் போட்டும் கிரேடிங் கட்டணம்கூடத் தேறவில்லை. அந்தக் கார்டு அரிதும் இல்லை, ஒன்றும் இல்லை. செலவழித்து அனுப்ப வேறு யாரும் மெனக்கெடவில்லை, அவ்வளவுதான். கெட்டிப் பிளாஸ்டிக் உறையோடு இப்போது என் மேசையில் மின்கட்டண ரசீதுகள் பறக்காமல் பார்த்துக்கொள்கிறது.