வேலூர் பக்கம் இருட்டான வானம் எங்கே கிடைக்கும்? அவசரம்

காட்பாடிக்காரன்: மொட்டை மாடியில் நின்றால் நாலைந்து நட்சத்திரம்கூடத் தேறவில்லை. செல்போனில் படம் எடுத்தால் வானம் முழுக்க வெளுப்பு. இந்தச் சனிக்கிழமை பால்வெளியைப் பார்த்தே ஆக வேண்டும். பக்கத்தில் எங்கே போகலாம்? சீக்கிரம் சொல்லுங்கள்.

பாகாயம் ராந்தல்: பக்கம் என்றால் எவ்வளவு தூரம்? காரா, பைக்கா? இரவு தங்குவீர்களா? உடன் யார் வருகிறார்கள்?

மலைப்பித்தன்: ஏலகிரி. ஆயிரம் மீட்டருக்கு மேல். உயரம் ஏற ஏறத் தூசி குறையும், வானம் தானாகக் கறுக்கும்.

துருவன்: உயரம் மட்டும் போதுமென்றால் ஊட்டி பஸ் நிலையத்திலேயே பால்வெளி தெரிய வேண்டும். ஏலகிரியில் விடுதிக்கு விடுதி விளக்கு. அதைவிடத் தாழ்வான காவலூரில், 725 மீட்டரில்தான் வைணு பாப்பு வான் ஆய்வகம் இருக்கிறது. ஏன் என்று யோசித்தீர்களா? சுற்றிலும் ஜவ்வாது மலைக்காடு, பெரிய ஊர் கிடையாது. கேள்வி கேட்பவரும், வானம் எவ்வளவு இருட்டு என்று தரம் பிரிக்கும் ‘போர்ட்டில்’ (Bortle) அளவுகோலைப் படித்துவிட்டு வந்திருக்கலாம். 2001இல் வெளிவந்தது, ஒன்பதே படிகள்தான். இங்கே பலமுறை எழுதிவிட்டேன்.

பாகாயம் ராந்தல்: வெளுப்புக்குத் தெருவிளக்குதான் காரணம். மஞ்சள் சோடியம் விளக்கைக் கழற்றிவிட்டு வெள்ளை எல்இடி போட்டதிலிருந்து இந்தத் தொல்லை. நீல ஒளி காற்றில் அதிகம் சிதறும்.

அணைக்கட்டு ஆத்தா: விளக்கு இருக்கட்டும். சுவரில் நாள்காட்டி மாட்டியிருக்கிறீர்களா தம்பி? வெள்ளிக்கிழமை தைப்பூசம். பௌர்ணமிக்கு மறுநாள் நிலா பொழுது சாய்ந்த கொஞ்ச நேரத்தில் எழும்பிவிடும், விடியும்வரை இறங்காது. காட்டுக்குள்ளே போய் உட்கார்ந்தாலும் பால்வெளி தெரியாது.

காட்பாடிக்காரன்: ஏலகிரியில் அறை பதிவு செய்து பணமும் கட்டிவிட்டேனே! கார்தான். மனைவி, இரண்டு பிள்ளைகள்.

துருவன்: இதை முதலிலேயே சொல்லியிருந்தால் எல்லோருக்கும் நேரம் மிச்சம்.

ஆம்பூர் வாசகன்: காவலூர் நம் வேலூர் மாவட்டம்தானே, அங்கேயே போகலாமே?

மலைப்பித்தன்: 2019இல் பிரித்தபோதே அது திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டது.

பழைய ஆற்காட்டான்: 1986இல் அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கியைத் திறந்தபோது வேலூரும் இல்லை, திருப்பத்தூரும் இல்லை. வட ஆற்காடு. 1989இல் மாவட்டத்தை வெட்ட ஆரம்பித்தவர்கள் இன்னும் நிறுத்தவில்லை.

ஆம்பூர் வாசகன்: அப்படியானால் ஜமுனாமரத்தூர்?

பழைய ஆற்காட்டான்: திருவண்ணாமலை மாவட்டம். அதுவும் வட ஆற்காடுதான் ஐயா. ஒரே மலை, நடுவில் கோடு.

துருவன்: நட்சத்திரத்துக்கு மாவட்ட ஆட்சியர் கிடையாது. தலைப்புக்கு வாருங்கள்.

அணைக்கட்டு ஆத்தா: தம்பி, மாசி அமாவாசையை ஒட்டிப் போங்கள். சிவராத்திரி அதற்கு முந்தைய இரவுதான், எப்படியும் கண் விழிப்பீர்கள். வாணியம்பாடி, ஆலங்காயம் வழியாகக் காவலூர். அதே சாலையில் மேலே போனால் ஜமுனாமரத்தூர். அங்கே அறை எடுத்து, தங்குமிடத்தின் வளாகத்திலிருந்தே பாருங்கள். காப்புக்காட்டுக்குள் இரவில் நுழையக் கூடாது, கரடி உண்டு. ஆய்வகத்தில் சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிப்பார்கள், கிளம்பும் முன் அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் ஹெட்லைட்டை உயர்த்திப் போட்டுக்கொண்டு போகாதீர்கள், அவர்கள் வேலை கெடும்.

மாசியில் மாலையில் ஓரியன் நட்சத்திரக் கூட்டம் உச்சியில் நிற்கும், தெற்கே அகத்தியர் நட்சத்திரம் மின்னும். பால்வெளியின் அடர்ந்த நடுப்பகுதி வேண்டுமென்றால் அதிகாலை மூன்று மணிக்குப் பிறகு தென்கிழக்கே பாருங்கள். தென்சிலுவை நட்சத்திரக் கூட்டமும் நள்ளிரவு தாண்டித் தெற்கில் தெரியும், கையை நீட்டிப் பிடித்தால் அடிவானத்திலிருந்து ஒரு சாண்கூட இராது. கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் ஆகும். இடையில் பிள்ளைகள் செல்போனைத் திறந்தால் மறுபடியும் முதலிலிருந்து. டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றுங்கள். கம்பளி கட்டாயம்.

மலைப்பித்தன்: ஏலகிரியிலும் விடுதி விளக்குகளை அணைக்கச் சொன்னால் தெரியும்.

பாகாயம் ராந்தல்: யார் அணைப்பார்கள், நீங்களா? அதுவும் எல்இடி.

காட்பாடிக்காரன்: அறைக்காரர் பணம் திருப்பித் தர மாட்டாராம், தேதியை மட்டும் மாற்றலாமாம். பார்க்கிறேன்.

*(மூன்று வாரங்களுக்குப் பிறகு)*

காட்பாடிக்காரன்: போய்வந்தோம். தெரிந்தது. பெரியவள் கார்த்திகைக் கூட்டத்தில் ஏழு எண்ணினாள், எனக்கு ஆறுதான். சின்னவன் தூங்கிவிட்டான். அனைவருக்கும் நன்றி.

ஆம்பூர் வாசகன்: எங்கே போனீர்கள்? ஏலகிரியா, ஜமுனாமரத்தூரா? படம் இருந்தால் போடுங்கள்.

மலைப்பித்தன்: ஏலகிரியாகத்தான் இருக்கும்.

துருவன்: கேமரா எது, எத்தனை நொடி திறந்துவைத்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதவும்.

ஆம்பூர் வாசகன்: ஐயா, இருக்கிறீர்களா?