பழைய எஸ்டீமை மண் தடத்தில் இறக்க: ரோல் கேஜ் முதலிலா, பிறகா?

மண்புழுதி (கோவை):
2004இல் அப்பா வாங்கிய மாருதி எஸ்டீம் கார் வீட்டில் சும்மா நிற்கிறது. மண் தடத்தில் ஒவ்வொரு காராக விட்டு நேரம் குறிக்கும் ஆட்டோகிராஸில் அதை ஓட்ட ஆசை. 1298 சிசி எஞ்சினில் டைமிங் பெல்ட்டையும் கூலண்டையும் மாற்றுவதோடு சரி, வேறெதையும் தொடப்போவதில்லை. கையிருப்பு 80,000 ரூபாய். கார் கவிழ்ந்தால் கூரை நசுங்காமல் காக்கும் எஃகுக் குழாய்க் கூண்டான ரோல் கேஜை முறையாகக் கட்டினால் பெரும்பகுதி அதிலேயே தீர்ந்துவிடும் என்பதால், இந்த ஆண்டு சம்ப் கார்டு (எஞ்சினின் அடிப்பகுதியைக் காக்கும் தகடு), நான்கு ஷாக் அப்சார்பர்கள், அகலம் குறைந்த டயர்கள், நான்கு முனை சீட் பெல்ட் ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டு, கேஜை அடுத்த ஆண்டுக்குத் தள்ளலாம் என்பது என் கணக்கு.

பழைய_ஸ்பேனர்:
தம்பி, அந்த நான்கு முனை பெல்ட்டில்தான் கணக்கு தப்புகிறது. கார் கவிழ்ந்து கூரை உள்ளே இறங்கும்போது, வண்டியோடு வந்த மூன்று முனை பெல்ட் உடலைச் சற்றுச் சாய விடும். இரு தோள்களையும் இறுக்கிப் பிடிக்கும் பெல்ட் அப்படி விடாது என்பதால், இறங்கும் கூரையைக் கழுத்துதான் தாங்க வேண்டிவரும். கேஜ், உடலை இருபுறமும் அணைத்துப் பிடிக்கும் பக்கெட் சீட், பெல்ட் மூன்றும் ஒரே செலவு. பிரித்து வாங்கக் கூடாது. கேட் செய்கிற குழாயை வளைத்துக் கொடுப்பவரிடமும் போய்விடாதீர்கள். ஓட்டுநருக்குப் பின்னால் வரும் முதன்மை வளைவுக்கு உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் விதி கேட்பது, 45 மி.மீ. விட்டமும் 2.5 மி.மீ. கனமும், அல்லது 50 மி.மீ. விட்டமும் 2 மி.மீ. கனமும் உள்ள, மூட்டில்லாத எஃகுக் குழாய்.

மண்புழுதி:
பெல்ட் விஷயத்தை ஏற்கிறேன் அண்ணா. பழைய பெல்ட்டே இருக்கட்டும். ஆனால் தடத்தில் பக்கத்தில் இன்னொரு கார் இல்லை. பெரும்பாலும் இரண்டாம் கியரைத் தாண்டுவதும் இல்லை. நான் சேரும் பிரிவின் விதியும் ஹெல்மெட்டோடு நின்றுவிடுகிறது. முதல் நாளே கேஜ் வேண்டுமென்றால் மாதச் சம்பளக்காரன் இந்த விளையாட்டுப் பக்கமே வர முடியாது.

பழைய_ஸ்பேனர்:
வேகம் மட்டுமா காரைக் கவிழ்க்கிறது? காலையில் தட்டையாக இருந்த வளைவை மதியத்துக்குள் மற்ற கார்கள் உழுதுவிடும். பக்கவாட்டில் வழுக்கி வரும் சக்கரத்தின் ரிம் அந்தப் பள்ளத்தின் விளிம்பில் மாட்டினால், மேற்பாதி மட்டும் பயணத்தைத் தொடரும். ஷேர் ஆட்டோ போகிற வேகத்தில் ஒரு மாருதி 800 இப்படி மெதுவாகப் படுத்ததை நான் பார்த்திருக்கிறேன். இதில் ஸ்பிரிங்கை உயர்த்தினால் எடைமையமும் சேர்ந்து உயரும். ஷாக்கைப் புதுப்பியுங்கள், உயரத்தை விட்டுவிடுங்கள்.

சேலம்_டிங்கர்:
இருவரும் தகரத்தைப் பற்றிப் பேசவே இல்லை. எஸ்டீமில் பின்சக்கரங்களுக்கும் ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்த ஸ்ட்ரட்தான். ஆகவே குதித்து விழும் அடி முழுவதையும், ஸ்ட்ரட்டின் மேல்முனை பொருந்தும் நான்கு தகரக் கூடுகளான ஸ்ட்ரட் டவர்களே வாங்குகின்றன. ஒருவர் இதே வேலைக்காகக் கொண்டுவந்த காரில், பளபளவென்றிருந்த பெயிண்டின் மேல் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தியதும் பிடிவரை உள்ளே போய்விட்டது. பெயிண்ட்தான் டவராக நின்றிருந்தது. கேஜின் முதன்மை வளைவில் ஒவ்வொரு காலுக்கும் கீழே குறைந்தது 3 மி.மீ. கனமும் 120 சதுர சென்டிமீட்டர் பரப்பும் உள்ள தகடு வேண்டும் என்பதும் எஃப்ஐஏ விதிதான். அந்தத் தகட்டைத் துருப்பிடித்த தரையில் பற்றவைத்து யாருக்கு என்ன பயன்? முதலில் கார்ப்பெட்டைத் தூக்குங்கள். எஞ்சினுக்குக் கூடுதல் காற்று போகத் திறந்த ஃபில்டர் மாட்டும் ஆசையும் வேண்டாம். கம்பெனிப் பெட்டியும் காகித ஃபில்டரும்தான் புழுதியைத் தடுக்கும். கார் இன்சூரன்ஸ் பந்தய ஓட்டத்துக்குச் செல்லாது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மண்புழுதி:
மாலையில் பின்சீட்டைக் கழற்றிப் பார்த்தேன். இடப்பக்கப் பின் டவரின் அடியில் இரண்டு இடங்களில் ஸ்க்ரூடிரைவர் உள்ளே போனது. டயருக்கு ஒதுக்கிய பணம் வெல்டிங்குக்குப் போகிறது. பழைய டயரிலேயே ஓட்டுவேன். கேஜ் அடுத்த ஆண்டுதான்; அதில் நான் மாறவில்லை அண்ணா.

பழைய_ஸ்பேனர்:
நானும் மாறவில்லை. ஓட்டுவதற்கு முன் அந்த வளைவை மதியம் ஒருமுறை நடந்து பாருங்கள். காலையில் பார்த்தது கணக்கில் வராது.