ரெண்டு பேர் ஆடுற இழுபறி போர்டு கேம்ல எது பெஸ்ட்? கொஞ்சம் ஒப்பிட்டு சொல்லுங்க

பகடைப்பிரியன்:

வணக்கம் மக்களே. நானும் தம்பியும் ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் ஒரு ஆட்டம் போடுவோம், ரொம்ப நாளா செவன் வொண்டர்ஸ் டூயல் தான் ஓடிட்டு இருக்கு. அதுல எனக்கு உயிரே அந்த ராணுவ டிராக் தான். நான் ரெண்டு கேடயம் கட்டினா சிவப்பு காய் அவன் பக்கம் ரெண்டு கட்டம் நகரும், அவன் கட்டினா திரும்பி என் பக்கம் வரும், 9 கட்டம் தள்ளிட்டா தலைநகரம் காலி, ஆட்டம் அங்கயே முடிஞ்சுது. ஆனா எங்க வீட்ல முக்கால்வாசி ஆட்டம் கடைசில பாயிண்ட் எண்ணித்தான் முடியுது, அந்த காய் நடுவுலயே நின்னுடுது.

எனக்கு அந்த இழுபறியே முழு ஆட்டமா இருக்கணும். வாட்டர்கேட், ஹனாமிகோஜி, ஏர் லேண்ட் அண்ட் சீ, ட்வைலைட் ஸ்ட்ரகிள்னு பேரு மட்டும் தெரியும், எதையும் ஆடினதில்ல. ஒரு மணி நேரத்துக்குள்ள முடியணும். இன்னொரு பயமும் இருக்கு, ஒரு பக்கம் சாஞ்சிடுச்சுன்னா அப்புறம் மீதி ஆட்டம் கடமைக்கு ஆடுற மாதிரி ஆயிடக்கூடாது.

மரக்காய்:

நீங்க கடைசியா சொன்னது தான் முக்கியமான விஷயம். நான் எந்த இழுபறி கேமை எடுத்தாலும் முதல்ல பாக்கறது, ஒரு ரவுண்டு முடிஞ்சதும் கயிறு எங்க நிக்குதுன்னு தான். சில கேம்ல திரும்ப நடுவுக்கு வந்துடும், சிலதுல விட்ட இடத்துலயே நிக்கும், ஆடும்போது அது ரெண்டும் வேற வேற மாதிரி இருக்கும்.

ஹனாமிகோஜி விட்ட இடத்துலயே நிக்கிற ரகம். 7 கெய்ஷா (ஜப்பானிய ஆடல் பாடல் கலைஞர்கள்), அவங்களுக்கான 21 கார்டு, அவ்ளோதான். ஒவ்வொரு ரவுண்டும் ஆளுக்கு நாலே நாலு வேலை, ஒரு கார்டை ரகசியமா வைக்கணும், ரெண்டை தூக்கி போடணும், மூணை காட்டி எதிராளியை ஒண்ணு எடுக்க விடணும், நாலை ரெண்டு ஜோடியா பிரிச்சு அவரை ஒரு ஜோடி எடுக்க விடணும். நாலையும் செஞ்சே ஆகணும், எதுவும் ரெண்டு தடவை கிடையாது. 4 கெய்ஷா இல்ல 11 பாயிண்ட் வந்தா ஜெயிச்சீங்க, யாருக்கும் வரலன்னா ஒவ்வொரு கெய்ஷாவோட மார்க்கரும் (அவளோட கார்டு யார்கிட்ட அதிகமோ அந்த பக்கம் நகர்ற காய்) எந்த பக்கம் சாஞ்சிருக்கோ அப்படியே விட்டுட்டு அடுத்த ரவுண்டு. சமமா வந்தாலும் மார்க்கர் அசையாது, இதை மட்டும் மனசுல வச்சுக்கோங்க.

போன வாரம் எனக்கு கடைசி வேலையா அந்த ஜோடி பிரிக்கறது தான் மிச்சம். கைல 5 பாயிண்ட் கெய்ஷாவோட கார்டு ரெண்டு, 4 பாயிண்ட் கெய்ஷாவோடது ரெண்டு. ஏற்கனவே ஒரு 5ஐ ரகசியமா வச்சிருக்கேன், எதிர்ல அக்கா முன்னாடி ஒரு 5 கிடக்கு, அஞ்சாவது 5 எங்கன்னு தெரியல. ரெண்டு 5ஐயும் ஒரே ஜோடியா வச்சா அக்கா அதை தூக்கிட்டு போயிடுவா, அதனால 5-4, 5-4ன்னு பிரிச்சேன். அவளுக்கு ரெண்டு, எனக்கு ரெண்டு. அந்த அஞ்சாவது கார்டு ஆரம்பத்துலயே பாக்காம ஒதுக்கி வச்சது தான்னு கடைசில தெரிஞ்சுது. சமம். மார்க்கர் போன ரவுண்டுல இருந்தே என் பக்கம் இருந்ததால அப்படியே நின்னுது, நான் 11 தாண்டிட்டேன். முந்தின ரவுண்டுல பிடிச்ச இடம் இந்த ரவுண்டுல காப்பாத்துச்சு பாருங்க, அதுக்காகவே திரும்ப திரும்ப ஆடுறோம்.

மூணாம்ஜாமம்:

மரக்காய் சொன்னதுல எனக்கு ஒரு மாற்றுக்கருத்து இருக்கு. கயிறு நின்ன இடத்துலயே நிக்கிறது நல்லா ஆடுறவங்களுக்கு சரி, ஆனா ரெண்டு பேருல ஒருத்தர் கொஞ்சம் கெட்டின்னா இன்னொருத்தருக்கு சலிச்சு போயிடும். அந்த விதத்துல ஏர் லேண்ட் அண்ட் சீ தான் நான் கைகாட்டுவேன். மொத்தம் 18 கார்டு, ஆளுக்கு 6, வானம் நிலம் கடல்னு மூணு களம், ரெண்டை பிடிச்சா அந்த சண்டை உங்களுக்கு. எந்த கார்டையும் கவுத்து வச்சா 2 பலம், அதனால மோசமான கைன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. இதோட அழகே பாதியில விலகலாம்ங்கறது தான். தோக்கறோம்னு சீக்கிரமே தெரிஞ்சு விலகினா எதிராளிக்கு 2 பாயிண்ட் மட்டும், பிடிவாதமா கடைசி வரைக்கும் இழுத்து தோத்தா 6. மொத்தம் 12 எடுத்தா ஜெயிப்பு, அப்போ ரெண்டு முழு தோல்விலயே கதை முடிஞ்சுடும். கயிறை எப்போ விடணும்னு தெரியணும், நீங்க பயப்படுற அந்த கடமைக்கு ஆடுற நேரமே இதுல வராது.

பேட்டில் லைனும் நல்ல கேம் தான், 9 கொடி, அஞ்சு பிடிக்கணும் இல்ல பக்கத்து பக்கத்துல மூணு. ஆனா அது ஒரு கயிறு இல்ல, ஒம்போது சின்ன கயிறு. நீங்க கேக்கற உணர்வு வராதுன்னு நினைக்கிறேன்.

நடுநிலையான்:

ஒரே ஒரு வார்த்தை ட்வைலைட் ஸ்ட்ரகிள் பத்தி. 2005ல வந்தது, பனிப்போர், அமெரிக்கா ஒரு பக்கம் சோவியத் ஒரு பக்கம், ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே பாயிண்ட் டிராக், எந்த பக்கமாவது 20 தொட்டா ஆட்டம் முடிஞ்சுது. எதிராளியோட கார்டு உங்க கைல வந்தா அதை வச்சு நீங்க வேலை பாக்கலாம், ஆனா அவங்களுக்கான சம்பவமும் நடந்துடும், அதனால கைல இருக்குற கெட்டதை எந்த நேரத்துல வெளிய விட்டா வலி கம்மின்னு யோசிச்சே பொழுது போயிடும். உலகத்துல ஒரு பகுதிக்கு பாயிண்ட் எண்ண வைக்கிற ஸ்கோரிங் கார்டு கைக்கு வந்துட்டா அந்த டர்னுக்குள்ள போட்டே ஆகணும், எதிராளிக்கு சந்தேகம் வராம அந்த பக்கம் மெதுவா செல்வாக்கை ஏத்துறப்ப வர்ற படபடப்பு வேற எந்த கேம்லயும் எனக்கு வந்ததில்ல. ஆனா ரெண்டு மூணு மணி நேரம் ஆகும், உங்க ராத்திரி கணக்குக்கு ஒத்து வராது. லீவு நாள்ல ஆடுங்க.

அதுக்கு பதிலா வாட்டர்கேட் வாங்குங்க, 2019ல வந்தது, ஒரு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சுடும். ஒருத்தர் வாட்டர்கேட் ஊழல்ல மாட்டின அமெரிக்க அதிபர் நிக்சன், இன்னொருத்தர் அதை வெளிய கொண்டுவர்ற பத்திரிகை ஆசிரியர். நடுவுல நிஜமாவே ஒரு டிராக், அதுல மூணு ஆதாரம், ஒரு மொமெண்டம் டோக்கன், ஒரு இனிஷியேட்டிவ் காய், எல்லாத்தையும் ரெண்டு பேரும் இழுக்கறீங்க. நிக்சனுக்கு 5 மொமெண்டம் டோக்கன் வேணும், ஆசிரியருக்கு சாட்சிகள் ரெண்டு பேரை ஆதாரத்தால நிக்சனோட இணைக்கணும். ரவுண்டு முடிஞ்சதும் டிராக் சுத்தமாயிடும் ஆனா ஜெயிச்சு எடுத்தது உங்களோடதே, அதாவது மரக்காய் சொன்ன ரெண்டு ரகமும் இதுல கலந்து இருக்கு. இனிஷியேட்டிவ் யார்கிட்டயோ அவருக்கு 5 கார்டு, மத்தவருக்கு 4, முதல் கார்டும் கடைசி கார்டும் அவரோடது. புதுசா ஆடுறவங்க இந்த காயை கண்டுக்காம ஆதாரத்தையே துரத்துவாங்க, தப்பு அங்க தான் நடக்குது.

பகடைப்பிரியன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ விவரமா எதிர்பாக்கல. தம்பி கொஞ்சம் சீக்கிரம் மனசு விட்டுடுவான், அதனால விலகலாம்ங்கறது அவனுக்கு பிடிக்கும், முதல்ல ஏர் லேண்ட் அண்ட் சீ, அப்புறம் வாட்டர்கேட்னு முடிவு பண்ணிட்டேன். வாட்டர்கேட்ல முதல் தடவை அவனுக்கு எந்த பக்கம் குடுக்கலாம்?

நடுநிலையான்:

நிக்சன் குடுங்க. அஞ்சு டோக்கன் எடுன்னு ஒரே வரில புரிஞ்சுடும், ஆசிரியர் பக்கம் ஆடுறவர் தான் போர்டுல எந்த வழி அடைபட்டிருக்குன்னு பாத்துக்கிட்டே இருக்கணும். ரெண்டாவது ஆட்டத்துல பக்கம் மாத்திக்கோங்க.