புதுப்பிப்பு: என் கோல்ஃப் ஜிடிஐ காரின் குலுக்கம் தீர்ந்தது

பழைய ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ கார் ஒன்றை வாங்கினேன், டொரோண்டோவின் ஸ்கார்பரோ பகுதிச் சாலைக் குழிகளில் முதுகு முறிகிறது, என்ன செய்யலாம் என்று மார்ச் மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

"முதலில் சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள்" என்றவரின் யோசனைதான் சரி. முந்தைய உரிமையாளர் காரைத் தாழ்த்துவதற்காகக் குட்டையான ஸ்பிரிங்குகளைப் போட்டிருந்தார். அதிர்வை அடக்கும் ஷாக் அப்சார்பரின் தண்டில் இருந்த ரப்பர் தடுப்பு நசுங்கி, ஓரம் பிய்ந்து, விரல் பட்டதும் உதிர்ந்தது. ஸ்பிரிங் அமுங்க இடம் போதாமல், இத்தனை நாளும் ஒவ்வொரு குழியிலும் கார் அந்த ரப்பரில்தான் போய் இடித்திருக்கிறது!

பழைய உயரத்துக்கே ஸ்பிரிங்குகளை மாற்றி, கோனி நிறுவனத்தின் 'ஸ்பெஷல் ஆக்டிவ்' ஷாக் அப்சார்பர்களைப் பொருத்தினேன். சாலையின் வேகமான சிறு அதிர்வுகளுக்கு இதன் உள்ளே எண்ணெய் ஓடக் கூடுதல் வழி திறக்கிறது. வளைவில் கார் மெதுவாகச் சாயும்போது அந்த வழி அடைபட்டு இறுகுகிறது. அதனால் வளைவுகளில் பிடிப்பு குறையவில்லை.

18 அங்குலச் சக்கரங்களையும் 17க்கு இறக்கினேன். 18க்கான 225/40 டயரின் (அகலம் 225 மில்லிமீட்டர், பக்கச்சுவர் உயரம் அதில் 40 சதவீதம்) பக்கச்சுவர் 90 மில்லிமீட்டர், 17க்கான 225/45இல் 101. கிடைத்த சுகத்தில் பாதி இந்த 11 மில்லிமீட்டரில்தான் இருக்கிறது என்பேன். கையில் பணம் குறைவென்றால் இதிலிருந்தே தொடங்குங்கள். எதை மாற்றினாலும் சக்கரச் சீரமைப்பை (வீல் அலைன்மென்ட்) மட்டும் தவிர்க்காதீர்கள்.

நேற்று அம்மா பின் இருக்கையில் மீன்குழம்புச் சட்டியை மடியில் வைத்தபடி மார்க்கம் வீதியில் வந்தார். ஒரு சொட்டும் சிந்தவில்லை.